ரேடாரில் பெரிதாகத் தெரிந்தவனுக்கு

காசிமேட்டுக்கு இன்று காலை மீன் வாங்கப் போனவள், மீனை மறந்துவிட்டு வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றேன். உன் அண்ணன் தன் ஃபைபர் போட்டின் கம்பத்தில் புதுத் தகரம் ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தார். தகடுகளைக் குறுக்கும் நெடுக்குமாகச் செருகி, எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் ஒரு மூலை தெரிகிற மாதிரி செய்திருப்பார்களே, அதுதான். வெயில் பட்டு அது பளிச்சென்று அடித்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“இன்னாமே, தனியா சிரிச்சிகினு நிக்கிற?” என்றார் அண்ணன்.

“ஒண்ணுமில்லண்ணா” என்று சமாளித்தேன். உன்னை நினைத்தேன் என்று சொல்லியிருந்தால் அந்த மனிதர் கையிலிருந்த கயிற்றை அப்படியே போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பார். எனக்கு அப்படியில்லை. உன் நினைப்பு வந்தால் முதலில் சிரிப்புதான் வருகிறது. அழுகை பின்னாலேயே வரும், சில நாள் வராமலும் போகும். அதற்காக நீ கோபித்துக்கொள்ள மாட்டாய்.

அந்தத் தகரம் எதற்கு என்று உனக்குச் சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதைதான். ஆனாலும் சொல்கிறேன், நம் கூத்து முழுவதும் அதில்தான் ஆரம்பித்தது. ஃபைபர் போட் ரேடாரில் சரியாகத் தெரியாது. எண்ணூர்த் துறைமுகத்துக்கு வருகிற பெரிய கப்பல்காரனுக்கு, எதிரே ஆட்கள் வலை போட்டுக்கொண்டிருப்பதே திரையில் தெரியாமல் போகும்; மேலே ஏறிப் போய்விடுவான். கம்பத்தில் இந்தத் தகரத்தைக் கட்டினால் சின்ன போட்டும் பெரிய படகு மாதிரி அவன் திரையில் விழும். கப்பல் விலகிப் போகும். பெரிதாகத் தெரிந்தால் பிழைக்கலாம். உங்கள் வீட்டில் பிறக்கிற குழந்தைக்கு ஞானஸ்நானத்துக்கு முன்னாலேயே இந்தப் பாடத்தை ஊட்டிவிடுவார்கள் போலிருக்கிறது.

அதை மூட்டை கட்டி விண்வெளிக்கும் தூக்கிக்கொண்டு போன ஒரே ஆள் நீதான்.

பலர் சேர்ந்து இணையத்தில் ஆடுகிற அந்த விண்கப்பல் சண்டை விளையாட்டை முதலில் ஆடத் தொடங்கியவள் நான். திருவொற்றியூர் யார்டில் நாளெல்லாம் கன்டெய்னர் நம்பரையும் அதன் கதவில் போட்ட சீல்களையும் சரிபார்த்துவிட்டு, லாரிக்காரர்களின் ஹாரன் காதுக்குள்ளேயே இருக்க வீட்டுக்கு வருவேன். கணினியில் விரிகிற அந்த விண்வெளியின் அமைதி எனக்கு ஒத்தடம் கொடுத்த மாதிரி இருக்கும். கையளவு கப்பல் ஒன்றை வைத்துக்கொண்டு யார் கண்ணிலும் படாமல் சுற்றிக்கொண்டிருந்தேன். அடுத்த தெருவில் இருந்த உன் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்ததும் நீயும் வந்து சேர்ந்தாய். நீ துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். நாற்காலியில் உட்கார்ந்தால் நாற்காலி முனகும். ராயபுரத்தில் நின்று நீ கூப்பிட்டால் தண்டையார்பேட்டையில் திரும்பிப் பார்ப்பார்கள்.

அந்த முதல் ஞாயிற்றுக்கிழமை இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. பூசை முடிந்து, பிரியாணியும் முடிந்து, உன் வீட்டு முன்னறையில் உட்கார்ந்திருந்தோம். உன் மனைவி ஸ்டெல்லா பாத்திரம் தேய்த்துக்கொண்டே, “ரெண்டு கழுதைக்கும் வேற வேலயில்ல” என்று நம் காதில் விழும்படி முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். நீ பெரிய கப்பலாகப் பார்த்து எடுத்து, அதில் இடம் இருந்த இடத்திலெல்லாம் ஷீல்டு மாட்டியிருந்தாய்.

“பாத்தியா ஊசி, படா சைஸா தெரியிறேன். எவனும் கிட்ட வரமாட்டான். அவனே வெலகிப் போயிடுவான்.”

ஊசி என்பது பள்ளிக்கூடத்தில் நீ எனக்கு வைத்த பெயர். விளையாட்டிலும் நான் அந்தப் பெயரில்தான் இருந்தேன்.

எவனும் விலகவில்லை. எங்கிருந்தோ வந்த நாலைந்து பேர் உன்னைப் பார்த்த மாத்திரத்தில் குறிவைத்தார்கள். கப்பல் தீபாவளிச் சரம் மாதிரி வெடித்துத் தீர்ந்தது.

“டேய்! கண்ணு அவிஞ்சா போச்சு? இம்மாம் பெருசா கீறேன், என் மேலயே வந்து இடிக்கிறியே!” என்று நீ திரையைப் பார்த்துக் கத்தினாய். பக்கத்து வீட்டு நாய் பதிலுக்குக் குரைத்தது.

“பெருசா கீறதாலதான்டா அடிக்கிறான்” என்றேன் நான். நீ என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, பரிசுத்த வேதாகமத்தில் அச்சுப்பிழை என்று யாரோ சொல்லிவிட்ட மாதிரி.

ஸ்டெல்லா இந்த மடலைப் படிப்பாள். அவளுக்காக அந்த விதியை இங்கே ஒருமுறை சொல்லிவிடுகிறேன். கப்பலின் உடம்பு ஒன்று, எதிரியின் ரேடாரில் அது தெரிகிற அளவு இன்னொன்று. அந்த அளவுக்கு ஓர் எண் உண்டு. எண் பெரிதாக இருந்தால் எதிரியின் கருவி சட்டென்று உன்னைக் குறியில் பூட்டிவிடும். சிறிதாக இருந்தால் தடவித் தடவித்தான் பூட்டும், அதற்குள் ஓடிவிடலாம். பூட்டின பிறகும் கதை முடிவதில்லை. பெரிய பீரங்கிகள் பெரிய இலக்குக்கென்று செய்தவை. சின்னதாகத் தெரிகிற கப்பல் மேல், அதுவும் அது வேகமாக ஓடினால், அந்தக் குண்டு பட்டாலும் முழு அடி விழாது. சிக்கல் எங்கே என்றால், உன்னைக் காப்பாற்றிக்கொள்ள நீ ஷீல்டு சேர்க்கச் சேர்க்க அந்த எண்ணும் கூடவே ஏறும். இரும்புத் தகடு போர்த்தினால் எண் ஏறாது, ஆனால் கப்பல் எருமை மாதிரி மெதுவாகத் திரும்பும். வேகத்துக்கு என்று பூஸ்டரைப் போட்டாலோ, அது ஓடுகிற நேரம் முழுக்கச் சுண்டெலியும் யானையாகத் தெரியும்.

இதையெல்லாம் அன்றைக்கு நான் சொன்னபோது நீ தலையைச் சொறிந்துகொண்டே கேட்டாய். பிறகு உனக்கே ஒரு விளக்கம் கிடைத்துவிட்டது.

“அதாவது, நாப்பதடி பொட்டி தூக்குற கிரேனாண்ட வந்து கொத்தமல்லிக் கட்ட தூக்குன்னா தூக்க முடியாது. அத்தானே?”

“அதேதான்.”

“அப்ப நீ கொத்தமல்லி. நான் பொட்டி.”

நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. “சரிமே, ஒண்ணு கேக்கறேன். அடிக்கிறவன் எல்லாம் என்னிய பாத்து அடிச்சிகினு இருந்தா, அந்த நேரம் உன்னிய எவன் அடிப்பான்?”

யாரும் அடிக்க மாட்டார்கள்தான். வருஷக்கணக்காக ஆடிக்கொண்டிருந்த எனக்கு அந்தக் கேள்வி தோன்றியதே இல்லை. எப்படி இன்னும் சிறிதாகத் தெரிவது என்பது ஒன்றுதான் என் கவலையாக இருந்தது. நீயோ பெரிதாகத் தெரிவதையே ஒரு வேலையாக எடுத்துக்கொண்டுவிட்டாய். தகடு ஒரு பக்கம், ஷீல்டு ஒரு பக்கம் என்று ஏற்றிக்கொண்டு, பூஸ்டரையும் போட்டுக்கொண்டு, கூட்டத்துக்கு நடுவில் நீ முதலில் நுழைவாய். அங்கே இருக்கிற அத்தனை பீரங்கியும் உன் பக்கம் திரும்பும். “எல்லாரும் என்னிய பாக்கட்டும். நீ போய்கினே இரு” என்பாய். நாங்கள் உன் முதுகுக்குப் பின்னால் நழுவிப் போவோம். நீ பாதி நாள் தப்பித்து வருவாய், பாதி நாள் வெடிப்பாய். வெடித்தாலும், “ஷோக்கா வெடிச்சேன்ல?” என்று கேட்பாய்.

நாங்கள் என்றால் இன்னும் இரண்டு பேர். வியாசர்பாடி சேகர், ரயில்வேயில் வேலை, உன்னை மாமு என்று கூப்பிடுகிறவன். தண்டையார்பேட்டை செல்வம், தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து மொத்தக் கடை வைத்திருப்பவர். இருவரும் விளையாட்டில் கிடைத்த தோஸ்துகள். உன்னை நேரில் வந்து பார்த்திருக்கிறார்கள், உன் வீட்டில் சாப்பிட்டும் இருக்கிறார்கள். என்னை மட்டும் ஊசி என்ற பெயரைத் தாண்டி அவர்களுக்குத் தெரியாது.

அதற்குக் காரணம் உனக்குத் தெரியும். உனக்கு முன்னால் நான் வேறொரு குழுவில் இருந்தேன். முதல் நாள் மைக்கில் ஒரே ஒரு வார்த்தை பேசினேன். “பொண்ணா? பொண்ணா?” என்று ஆரம்பித்தார்கள். ஒருவன் கல்யாணம் ஆச்சா என்றான். இன்னொருவன் கேட்டதை நான் உன்னிடம்கூடச் சொல்லவில்லை. அன்றைக்கு மைக்கை அணைத்தவள்தான், பிறகு எழுத்திலேயே காலம் தள்ளினேன். நீ வந்த பிறகு சேகரும் செல்வமும், ஊசி ஏன் பேசுவதில்லை என்று உன்னைக் கேட்பார்கள். “அவனுக்கு மைக் ரிப்பேரு” என்று நீ பட்டென்று சொல்வாய். வருஷம் போகும், புது கம்ப்யூட்டர் வரும், மைக் மட்டும் ரிப்பேராகவே இருக்கும். ஒருநாள் செல்வம், “ஒரு புது மைக் வாங்கி அனுப்பட்டுமாவே?” என்று கேட்டுவிட்டார். நீ அசரவில்லை. “வாணாம் செல்வம், அவன் ரோசக்காரன்” என்றாய். நான் என் வீட்டில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். பேசு என்று நீ என்னை ஒருநாளும் வற்புறுத்தியதில்லை. அதற்கு நன்றி என்று நேரில் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன்.

வெளியிலும் நீ அப்படித்தான். தேர்த் திருவிழாக் கூட்டத்தில் நான் தடுமாறினால், “ஏய் வழி வுடு, வழி வுடு” என்று நீ முன்னால் போவாய். எல்லாரும் உன்னைத் திட்டுவதில் மும்முரமாக இருப்பார்கள். நான் பாட்டுக்குப் பின்னால் வந்து பீடத்துப் பக்கம் போய் நின்றுவிடுவேன்.

இப்படி எல்லாரும் பார்க்க வாழ்ந்த மனுஷன், யாரும் பார்க்காத ஒரு நேரத்தில் போய்விட்டாய். ஷிஃப்ட் முடிந்து கிரேனிலிருந்து இறங்கியவன், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்தாயாம். அவ்வளவுதான். அதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு மனமில்லை.

அடக்கத்துக்குச் சேகரும் செல்வமும் வந்தார்கள். பந்தலுக்குள் இருந்த ஒவ்வொரு ஆம்பளை முகமாகப் பார்த்து, “இதுல ஊசி யாருப்பா?” என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டார்கள். நான்தான் அவர்களுக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். சேகர் டம்ளரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, “தேங்க்ஸ்க்கா. ஊசின்னு மாமுவோட தோஸ்து ஒருத்தன், ஒல்லியா இருப்பான் போல, பாத்தீங்களா?” என்றான். இல்லை என்று தலையாட்டினேன். அந்தத் துக்கத்திலும் உன் பெட்டிக்குள்ளிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் வரும் என்று எனக்குப் பயமாக இருந்தது.

இனிமேல்தான் உனக்குத் தெரியாத கதை. இதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

நீ போன சில மாதத்தில், விளையாட்டில் நாம் கப்பல்களை நிறுத்தி வைக்கிற நிலையம் இருந்த பகுதியை வேறொரு பெரிய கூட்டம் பிடித்துக்கொண்டது. நிலையத்தை மூடப் போவதாக அறிவித்தார்கள். அதற்குள் வெளியே எடுக்காத கப்பல் எல்லாம் அவர்களுக்குப் போய்விடும். எங்களுடையதை நாங்கள் எடுத்துவிட்டோம். உன்னுடையது உள்ளேயே நின்றது. உன் கணக்கைத் திறந்து ஓட்டினால்தான் அது நகரும். சேகர் குழுவில் எழுதினான்: “மாமு கப்பலு அங்கயே நிக்குது. மனசு கேக்கல.”

நான் போய் ஸ்டெல்லாவிடம் விஷயத்தைச் சொன்னேன். அதுவரை அந்தக் கம்ப்யூட்டர் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடி வைத்திருந்தாள். துண்டை எடுத்துவிட்டு உன் கணக்கைத் திறந்தோம். கப்பல் திரையில் வந்தது. அதன் பக்கவாட்டில் நீ வைத்த பெயர் இருந்தது. போட்டுக்குப் பெண்டாட்டி பெயர் வைக்கிற உங்கள் வீட்டு வழக்கத்தை நீ அங்கேயும் விடவில்லை. ஆனால் அவளிடம் அதைச் சொல்லாமல் விட்டிருந்தாய்.

“என் பேரா போட்டு கீது?” என்றாள். விரலால் திரையைத் தொட்டாள். “படுபாவி. வாயத் தொறந்து ஒருவாட்டி சொல்லல பாருக்கா.” முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். “இத்த வேற எவனும் எடுத்துக்கக் கூடாது. நானே ஓட்டினு வரேன். எப்டின்னு காட்டு.”

காட்டினேன். கெட்டிக்காரி, சீக்கிரமே பிடித்துக்கொண்டாள். திசை திருப்புவது, வாசல் தாண்டுவது எல்லாம் வந்துவிட்டது. ஒரு வெளியிலிருந்து இன்னொரு வெளிக்குப் போக அங்கே வாசல்கள் உண்டு, தாண்டினால்தான் அந்தப் பக்கம் யார் நிற்கிறார்கள் என்று தெரியும் என்பதையும் புரிந்துகொண்டாள். நான் யார்டுக்குப் போயிருந்த ஒருநாள், எனக்குத் தெரியாமல் கப்பலில் ஒரு வேலை செய்து வைத்திருந்தாள். நீ வாங்கிப் போட்டிருந்த ஷீல்டு எல்லாவற்றையும் தேடி எடுத்து, ஒன்று விடாமல் மாட்டிவிட்டாள். திரையைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“ஸ்டெல்லா, இன்னா இது? கோடவுன் அளவுக்குத் தெரியும் இப்ப.”

“தெரியட்டுமே. பெருசா தெரிஞ்சா வெலகிப் போவான்ல?” என்றாள். அவளும் உங்கள் காசிமேட்டில் பிறந்தவள்தானே. அதே பாடம், அதே பிழை. நான் சிரித்த சிரிப்பில் அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

ஷீல்டு ஒவ்வொன்றாக நான் கழற்றச் சொன்னபோது, பிள்ளையின் ஸ்வெட்டரைக் கழற்றச் சொன்ன மாதிரி தவித்தாள். “மொட்டையா அனுப்பச் சொல்றியேக்கா. ஒரு அடி பட்டா போச்சே.”

“பட்டா போச்சுதான். அதான் படாம போகணும். சின்னதா தெரிஞ்சா அவன் பூட்டறதுக்கு நேரம் ஆகும். அந்த நேரத்துல நீ தாண்டிடலாம். அந்த நேரம்தான் நம்ம ஷீல்டு.”

முழுக்க நம்பவில்லை. ஆனாலும் கழற்றினாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் புறப்பட்டோம். உன் மேஜையில் உன் நாற்காலியில் அவள், பக்கத்தில் ஒரு ஸ்டூலில் என் லேப்டாப்போடு நான். ஏற்பாடு இதுதான்: சின்னக் கப்பலான நான் முன்னால் போய் ஒவ்வொரு வாசலுக்கும் அந்தப் பக்கம் யார் இருக்கிறார்கள் என்று பார்ப்பேன். செல்வம் ஸ்டெல்லாவுக்குத் துணையாக வருவார். எங்காவது கூட்டம் நின்றால், சேகர் உன்னை மாதிரி பெரிதாகத் தெரியும் கப்பலோடு முதலில் நுழைந்து எல்லாரையும் தன் பக்கம் இழுப்பான். ஸ்டெல்லா மைக்கில் அவர்களோடு பேசினாள். நான் வழக்கம்போல எழுதினேன். “ஏன்க்கா நீ பேச மாட்ற?” என்று மைக்கைப் பொத்திக்கொண்டு கேட்டாள். அப்பால சொல்றேன் என்றேன்.

வாசல் வாசலாகத் தாண்டி வந்தோம். கடைசி வாசலை நான் தாண்டிப் பார்த்தால், அந்தப் பக்கம் ஒரு கூட்டமே உட்கார்ந்திருந்தது. நான் சத்தமில்லாமல் ஓரமாக ஒதுங்கினேன்; என்னை யாரும் லட்சியம் பண்ணவில்லை. “இருக்காங்க. சேகர் வா” என்று எழுதினேன்.

சேகரிடமிருந்து பதில் இல்லை.

“சேகர்? ஏலே சேகர்?” என்று செல்வம் கூப்பிட்டுப் பார்த்தார். சேகரின் கப்பல் இருந்த இடத்திலேயே அசையாமல் நின்று, பிறகு மறைந்தே போனது. வியாசர்பாடியில் கரண்ட் போய்விட்டது. எந்த நேரத்தில் போக வேண்டும் என்று அதற்கு நன்றாகத் தெரியும். கரண்ட் வரட்டும் என்று காத்திருக்கலாம் என்றால், “பின்னாடி ரெண்டு பேர் நம்மளத் தேடி வாரானுவோ. இங்கன நின்னா கப்பலு காலி தங்கச்சி” என்றார் செல்வம் ஸ்டெல்லாவிடம். ஸ்டெல்லா என்னைத் திரும்பிப் பார்த்தாள். உன் கப்பல் இன்னும் அந்த வாசலைத் தாண்டாமல் அவள் பெயரோடு நின்றது.

நான் யோசிக்கவில்லை. பூஸ்டரைப் போட்டேன்.

வருஷக்கணக்காக யார் ரேடாரிலும் சரியாக விழாத என் சுண்டெலி, அந்த நிமிஷம் யானையாகத் தெரிந்தது. அங்கே இருந்த ஒவ்வொருத்தனும் என் பக்கம் திரும்பினான். குறி மேல் குறியாக என் திரை சிவந்தது. நான் வாசலை விட்டு எதிர்த் திசையில் ஓடினேன். துரத்தினார்கள். “அக்கா, இப்பவா?” என்றாள் ஸ்டெல்லா, மைக்கைப் பொத்திக்கொண்டு. “இப்பதான். தாண்டு” என்றேன் அவளிடம்.

அப்போதுதான் ஸ்பீக்கரில் செல்வத்தின் குரல் கேட்டது: “ஐயையோ, ஊசி மாட்டிக்கிட்டான்! தங்கச்சி, நீ அங்கனயே நில்லு. நான் போய் அவனக் கூட்டிட்டு வந்துடுதேன்.” யாரையும் விட்டுவிட்டு வரக் கூடாது என்பது நம் குழுவின் வழக்கம். நீ வைத்த வழக்கம்தான். அவர் என்னைக் காப்பாற்ற வந்தால் கூட்டம் மறுபடி வாசலுக்குத் திரும்பும். ஸ்டெல்லா தாண்டுகிற இடத்திலேயே வந்து நிற்கும். அவரைத் தடுக்க வேண்டும். என் இரண்டு கையும் கப்பலை ஓட்டிக்கொண்டிருந்தன. எழுதக் கை இல்லை. ஸ்டெல்லாவிடம் விளக்கி, அவளைச் சொல்லச் சொல்ல நேரமும் இல்லை. ஒரு பொத்தானை அழுத்த ஒரு விரல் இருந்தது.

மைக்கைத் திறந்தேன்.

“செல்வண்ணா, என்னைக் காப்பாத்த வராதீங்க! ஸ்டெல்லா கூடவே போங்க!”

என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. கொஞ்சம் கீச்சென்று, ஆனால் நடுங்காமல்.

“யாரு… யாரு பேசுறது?”

“ஊசிதான்.”

“ஏ, நீ பொம்பளையாலே!”

“ஆமாண்ணா. அப்பால ஆச்சரியப்படுங்க. இப்ப போங்க!”

போனார். ஸ்டெல்லா தாண்டினாள். துரத்தாமல் வாசலிலேயே தங்கிவிட்ட ஒருவன் அவளைப் பார்த்துவிட்டான், குறிவைக்கவும் ஆரம்பித்தான். மொட்டைக் கப்பல். ஒரே அடியில் போயிருக்கும். ஆனால் ரேடாரில் அது சின்னதாகத் தெரிந்தது. அவன் கருவி தடவிக்கொண்டே இருந்தது, தடவிக்கொண்டே இருந்தது. பூட்டுகிற சத்தம் வருவதற்கு முன்னால் உன் கப்பல் நீளமாக ஒரு கோடு இழுத்துக்கொண்டு பாய்ந்து, தப்பி மறைந்தது. பக்கத்திலேயே செல்வமும் மறைந்தார். நான் வெடித்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், ஷோக்காக வெடித்தேன்.

கப்பல் பாதுகாப்பான நிலையத்துக்குள் போய் நின்றதும் ஸ்டெல்லா மவுஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். “வூட்டுக்கு வந்துடுச்சுக்கா” என்றாள். பிறகு என் தோளில் சாய்ந்து நன்றாக அழுதாள். நீ போன அன்றைக்குக்கூட அவள் அப்படி அழுது நான் பார்க்கவில்லை. நானும் அழுதேன். ஸ்பீக்கரில் செல்வம் தனக்குத்தானே புலம்பிக்கொண்டிருந்தார்: “மைக் ரிப்பேராம், ரோசக்காரனாம். என்னமா அளந்திருக்கான், மூதி!” கரண்ட் வந்து உள்ளே நுழைந்த சேகர், “மாமு கப்பலு வந்துச்சா? இன்னாச்சு? யாரு அழுவுறது?” என்று கேட்டான். ஊசி என்றேன். துக்க வீட்டில் தண்ணீர் கொடுத்தவள் நான்தான் என்பதையும் சொன்னேன். “தண்ணி நல்லா இருந்திச்சிக்கா” என்றான்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் நால்வரும் ஆடுகிறோம். ஸ்டெல்லா உன் கப்பலை எடுப்பதில்லை. அது அங்கேயே பத்திரமாக நிற்கிறது. அவளுக்கென்று வேறொன்று வைத்திருக்கிறாள். சேகரை அவள் அதட்டுகிற அதட்டல் உன்னுடையதேதான். நான் மைக்கில் பேசுகிறேன். புதிதாக வருகிற சிலர் பழைய கேள்விகளைக் கேட்கத்தான் செய்கிறார்கள். பதில் சொல்கிறேன், சில நேரம் உன் பாஷையிலேயே சொல்கிறேன். ஒருவன் அதற்குப் பிறகு வரவே இல்லை. யார்டிலும் அப்படித்தான். வரிசையில் குறுக்கே லாரியைச் செருகுகிற டிரைவரிடம் முன்பெல்லாம் சீட்டை நீட்டிவிட்டு ஒதுங்கிப் போய்விடுவேன். இப்போது நடுவில் போய் நிற்கிறேன். கத்துகிறார்கள், நானும் கத்துகிறேன். புதிதாகச் சேர்ந்த பெண்ணொருத்தி என் பின்னாலேயே வந்து தன் வேலையை முடித்துக்கொண்டு போகிறாள். அவளை யாரும் ஒன்றும் சொல்வதில்லை. அன்றைக்கு வீட்டுக்கு வந்தால் எனக்குத் தலை வலிக்கிறது. ஆனாலும் நிம்மதியாகத் தூங்குகிறேன்.

வெடித்துப்போன கப்பலுக்குப் பதிலாகப் புதிது ஒன்று எடுத்தேன். பழையபடி சின்னதுதான், என் குணம் எங்கே போகும். பெயர் வைக்கும் இடம் காலியாக இருந்தது. ஸ்டெல்லாவைக் கேட்டேன், “யார் பேரு வெக்கிறது?” “ஏன், உனக்குப் பேரு இல்லியா?” என்றாள் அவள், வெங்காயம் நறுக்கிக்கொண்டே. எல்லார் திரையிலும் தெரிகிற மாதிரி முழுசாக எழுதினேன்: பிலோமினா. அந்தக் கையளவு கப்பலுக்கு அது நீளம்தான். தெரியட்டும்.